செவ்வாய்க்கிழமை வாசிப்பு

2 ஜூலை 2019, செவ்வாய்

காலையில் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு, காயில் எரிந்துபோய்விட்டது என்று கழற்றி எடுத்துக்கொண்டு போனான். பக்கத்து வீட்டில் இரண்டு குடம் பிடித்துச் சமாளித்தேன்.

வியாழக்கிழமை வேதபாடத்துக்குக் குறிப்பு முடிந்தது. தீர்க்கதரிசிகளின் காலவரிசை. நான்கு கலரில் சார்ட் போட்டிருக்கிறேன். பெண்கள் ஐக்கியத்தில் பதினேழு வருடமாகப் பாடம் நடத்துகிறேன்; ஒரு தடவைகூடத் தயாரிக்காமல் போனதில்லை.

சார்ட் அட்டை வாங்கி வந்து கொடுத்த சுகந்தி ஒரு செய்தி சொன்னாள்.

"டீச்சர், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம்ம சர்ச் ஹால்ல செல்லக்கனி ஒரு வாசிப்பு நடத்துதா. நல்லா இருக்காம்."

செல்லக்கனி, தையல் கடையில் ஹூக் வைத்துக்கொண்டிருந்தவள். சர்க்கரை வியாதியில் ஐந்து வருடத்துக்கு முன்னால் இரண்டு கண்ணும் போயிற்று. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அவள் என்ன நடத்துகிறாளாம் என்று கேட்டேன். நடத்தவில்லை, யாராவது வாசிக்க, அவள் கேள்வி கேட்கிறாள் என்றாள் சுகந்தி.

நல்ல காரியம்தான். எளியவர்களுக்கும் ஆர்வம் வருவது சந்தோஷம்.

4 ஜூலை, வியாழன்

வந்தவர்கள் பதினெட்டு. வழக்கமாக முப்பதுக்குக் குறையாது. வெயில் அதிகம்.

11 ஜூலை, வியாழன்

வந்தவர்கள் பதினான்கு. இன்று வெயில் இல்லை.

பாடம் முடிந்து பாயைச் சுருட்டும்போது சுகந்தி, "சார் குரல் இவ்வளவு நல்லா இருக்கும்னு எங்களுக்குத் தெரியாது டீச்சர்" என்றாள். எந்த சார் என்றேன். அவள் முழித்தாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு செவ்வாயாக அங்கே வாசிப்பது என் வீட்டுக்காரர், அத்தான்தான்.

வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர். மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். குடும்ப ஜெபத்தில் ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னால் கண்ணாடியைத் தேடுவார்.

சாப்பிடும்போது கேட்டேன்.

"வாசிக்க ஆள் வேணும்னு சொன்னா. வாசிச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அவியல் கொஞ்சம் உப்பு. அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

16 ஜூலை, செவ்வாய்

நானே போனேன். என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்வது என் பொறுப்பு.

நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். ஆண்களும் உண்டு. செல்லக்கனி சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒரு ரவிக்கையை வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவி ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். வேதம் கேட்கும்போது கை வேலையா என்று நினைத்தேன். அத்தான் வாசித்தார். சுகந்தி சொன்னது உண்மை. இருபத்தொன்பது வருடம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன், அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

புயலில் படகு தத்தளிக்க, ஆண்டவர் அதில் தூங்கிக்கொண்டிருக்கும் பகுதி. முடிந்ததும் அவள் ஊசியை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, அந்தப் படகு இப்ப எங்க கெடக்கு?"

நான் ஏரியின் பெயரைச் சொன்னேன். நீளம் இருபத்தொரு கிலோமீட்டர், சுற்றிலும் மலை, அதனால்தான் திடீர்க் காற்று என்றும் விளக்கினேன்.

"டீச்சருக்கு எல்லாம் தெரியும்" என்றாள் செல்லக்கனி. கேலி இல்லை, மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அத்தான் தலை குனிந்தபடி, "எனக்குள்ளதான் கெடக்கு, தங்கச்சி" என்றார்.

"அப்ப தூங்குறவரும் அங்கதான இருக்காரு? காத்தடிச்சாதான் நமக்கு அவரு நெனப்பு வருது. காத்து இல்லாதப்பவும் அங்கதான் படுத்திருக்காரு. யாரும் எழுப்புறதில்ல."

முன்வரிசையில் ஒரு அம்மாள் அழுதாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இது வேத விளக்கமே அல்ல. மனதுக்குத் தோன்றியதைச் சொல்வது.

தங்கச்சி என்ற அந்தச் சொல் இவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ வருடம் ஆகிறது.

18 ஜூலை, வியாழன்

ஒன்பது பேர்.

20 ஜூலை, சனி

மோட்டார் வந்துவிட்டது. தொட்டி கழுவினேன். பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். பேத்திக்கு ஒரு பல் விழுந்ததாம்.

சாயங்காலம் காப்பி கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு அதிகாரம் வாசியுங்கள் என்றேன். வாசித்தார். மின்கட்டண ரசீதை வாசிப்பதுபோல இருந்தது. ஒரு பெயரை உச்சரித்தது தவறு, சொன்னேன். திருத்தி வாசித்தார். இன்னொன்று, சொன்னேன்.

"அங்க இப்படியா வாசிக்கிறீங்க?"

"அங்க யாரும் திருத்தமாட்டாங்க" என்றார். கோபமில்லாமல்தான்.

24 ஜூலை, புதன்

சபைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதி முடித்தேன். ஐந்து குறிப்புகள். பயிற்சி இல்லாதவர் போதிப்பது, அனுமதி பெறாமல் ஹாலைப் பயன்படுத்துவது, இப்படி. நான்காவது குறிப்புதான் முக்கியம்: வேதத்தில் சொல்லப்பட்டவை உண்மையில் நடக்கவில்லை, எல்லாம் மனதுக்குள் நடப்பவையே என்று செல்லக்கனி போதிக்கிறார்.

அவள் அந்த வார்த்தைகளில் சொல்லவில்லைதான். ஆனால் அப்படித்தான் பொருள்படும்.

எனக்குச் சொந்தமாக எந்த வருத்தமும் இல்லை என்று கடைசியில் எழுதினேன். தெளிவாக இருக்கட்டும் என்று.

1 ஆகஸ்ட், வியாழன்

சபைப் போதகர் ஐயர் கூப்பிட்டு அனுப்பினார். இளவயதுக்காரர், சண்டை என்றால் ஒதுங்குகிறவர். நான்காவது குறிப்பை இரண்டு தடவை வாசித்தார்.

"அந்தம்மா இப்படியே சொன்னாங்களா டீச்சர்?"

"நானே காதால கேட்டேன் ஐயரே."

ஹாலை இனி செவ்வாய்க்கிழமை திறக்க வேண்டாம் என்று சாவி வைத்திருக்கும் கோவில்பிள்ளையிடம் சொல்லிவிட்டார்.

பாடத்துக்கு வந்தவர்கள் ஏழு.

6 ஆகஸ்ட், செவ்வாய்

கூட்டம் செல்லக்கனி வீட்டுக்கு மாறிவிட்டது. ஒற்றை அறையும் ஒரு வாசலும். வாசலில் சாக்கு விரித்து உட்காருகிறார்களாம். அத்தான் நம் வீட்டு மடக்கு நாற்காலிகளில் மூன்றைத் தூக்கிக்கொண்டு என் முன்னாலேயே போனார். கடிதம் எழுதியது யார் என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் ரவிக்கை ஒன்றில் ஹூக் விட்டுப்போயிருந்தது. செல்லக்கனியிடம் கொடுக்கலாமே என்று ஐந்தரை மணிக்குப் போனேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. வாசலில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நான் வேப்பமர நிழலில், பின்னால் நின்றேன்.

இன்று வாசித்தது, வேலைக்காரியையும் அவள் பிள்ளையையும் வீட்டைவிட்டு அனுப்பும் அதிகாரம். வீட்டுக்காரி, இவளைத் துரத்துங்கள் என்று வயதான கணவனிடம் சொல்கிறாள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் விடியற்காலையில் எழுந்து, அப்பத்தையும் ஒரு தோல்துருத்தித் தண்ணீரையும் அவள் தோளில் வைத்து, பிள்ளையையும் கையில் பிடித்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அந்த இடத்தில் அத்தானின் குரல் நின்றுபோயிற்று. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நின்றது.

செல்லக்கனி முகத்தைத் திருப்பினாள். "டீச்சர் வந்திருக்காகளா? அந்தப் பவுடர் வாசம் அடிக்கு. டீச்சர், மீதியை நீங்க வாசிங்களேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போய் உட்கார்ந்து வாசித்தேன். என் குரலில் குறை இல்லை. தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளையைப் புதருக்கு அடியில் கிடத்திவிட்டு, அது சாவதைப் பார்க்க முடியாமல் தாய் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். பிறகு கண் திறக்கிறது, கிணறு தெரிகிறது.

"துரத்தச் சொன்னவ, துரத்துனவரு, போனவ. மூணு பேரும் நமக்குள்ளதான் குடியிருக்காங்க" என்றாள் செல்லக்கனி. "இன்னைக்கு உங்களுக்குள்ள யாரு பேசுதா?"

"நான் அந்தப் பெரியவர், தங்கச்சி" என்றார் அத்தான். "என் கூடப்பிறந்தவளயும் அவ பிள்ளையயும் நான்தான் காலை பஸ்சுல ஏத்திவிட்டேன். இட்லிப் பொட்டலமும் தண்ணிக் கேனும் குடுத்தேன். ஏன் போறன்னு ஒரு வார்த்தை கேக்கல. அவளும் என் முகத்தைப் பாக்கல."

அவ்வளவு பேர் முன்னால். கண்ணீர் வழிய.

அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பால் வைக்கவில்லை.

14 ஆகஸ்ட், புதன்

பியூலாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

15 ஆகஸ்ட், வியாழன்

பள்ளியில் கொடியேற்றம். ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். பாடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பியூலா அத்தானின் ஒரே தங்கை. புருஷன் இறந்ததும் ஆறு வயது ஆல்வினோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் இருந்தாள். 1998இல் போனாள். முதலில் போடியில் புருஷன் வீட்டுக்கு. இப்போது தேனியில் ஒரு பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்வி. ஒரு கல்யாணத்தில் எங்களைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப்பின் அத்தான் அவள் பேச்சை எடுக்கவில்லை.

இவ்வளவுதான் விஷயம்.

17 ஆகஸ்ட், சனி

மதியம் அத்தான் படுத்திருந்தார். அந்த அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினேழு வருடத்தில் இதைப் பதினோரு தடவை நடத்தியிருக்கிறேன். வம்சாவளி சார்ட் இருக்கிறது. அவர்கள் அலைந்த வனாந்தரம் எந்தத் திசையில் என்றும் சொல்வேன்.

குறிப்புகளை மூடிவிட்டு, அவள் கேட்டதை நானே என்னிடம் கேட்டேன். எனக்குள் யார் பேசுவது?

வீட்டுக்காரிதான் முதலில் பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். நான் பள்ளி விட்டு வரும்போது வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்கும். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அது அடங்கிவிடும். என் மகள் அத்தையிடம்தான் படுப்பேன் என்பாள். பியூலா வைத்தால் அத்தான் இரண்டாவது தடவை குழம்பு கேட்பார். நான் வைக்கும்போது கேட்டதில்லை. என் வீட்டில் நான் விருந்தாளிபோல நின்ற ஒன்றரை வருடம். இதெல்லாம் நியாயம்தானே என்று அந்த வீட்டுக்காரி கேட்டாள். நியாயம்தான் என்றேன். அவளுக்கு அது போதவில்லை.

மறுபடி வாசித்தேன். கிணறு வருகிற இடத்தில் நின்றுவிட்டேன். யாரும் புதிதாக வெட்டியதாக அங்கே இல்லை. கண் திறந்தது, இருந்த கிணறு தெரிந்தது, அவ்வளவுதான். பதினோரு தடவை நடத்தியும் நான் இதைப் பார்த்ததில்லை.

பிறகுதான் அந்த இன்னொருத்தி. பிள்ளையைப் புதருக்கடியில் போட்டுவிட்டு, பார்க்கமாட்டேன் என்று தள்ளிப்போய் உட்கார்ந்தவள். பியூலாதான் அவள் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒன்றை மறைத்துப் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் இருபத்தொரு வருடமாகத் தள்ளி உட்கார்ந்திருப்பது நான். சார்ட் போட்டுக்கொண்டு.

யாரோ என்னை எழுந்து போய்ப் பார் என்று சொன்னதுபோல இருந்தது. குரல் எல்லாம் கேட்கவில்லை. அப்படி எழுதினால் பொய்.

எழுதிவிடுகிறேன். 1998 மே மாதம் நான் பியூலாவிடம் சொன்னது: "உங்க அண்ணனுக்குச் சொல்லக் கூச்சமா இருக்கு. நீ உன் புருஷன் வீட்டோட போய் இருந்தா நல்லதுன்னு நெனைக்காக." அத்தானிடம் சொன்னது: "பியூலாவுக்கு இங்க இருக்கப் பிடிக்கல. உங்ககிட்ட சொல்லப் பயப்படுதா. கேட்டு அவளைச் சங்கடப்படுத்தாதீங்க."

இரண்டும் பொய். இரண்டு பேரும் நம்பினார்கள். என்னை யார் சந்தேகப்படுவார்கள்?

18 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, அத்தான் பின்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். சொன்னேன். மேலே எழுதிய அதே வார்த்தைகளில்.

அவர் கை நிற்கவில்லை. ஒரு கொத்து முழுவதையும் உருவி முடித்தார்.

"முதல்ல யார்கிட்ட சொன்ன?"

"அவகிட்ட. மறுநாள் உங்ககிட்ட."

"ஒரு ராத்திரி இடையில இருந்துச்சு" என்றார்.



உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, ஒரு பையில் வேட்டியும் துண்டும் வைத்தார். "சாப்பிட்டுப் போங்க அத்தான்" என்றேன். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கீரையை நான் தனியாக ஆய்ந்து, சமைத்து, தனியாகச் சாப்பிட்டேன்.

19 ஆகஸ்ட், திங்கள்

போன் இல்லை. தேனியில் இருப்பார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைப் பற்றித்தான். பிறகு என்னை விட்டுவிட்டு, சின்ன வயதுக் கதை ஏதாவது வரும், சிரிப்பார்கள். நான் இல்லாத அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கிறது. இன்றைக்கும் வயிறு எரிகிறது. எல்லாவற்றையும் சொன்ன பிறகும் எரிகிறது.

பொறாமை. இதைப் பற்றி நாற்பது நிமிடம் பாடம் நடத்துவேன். என்னைக் குறித்து எழுதுவது இதுதான் முதல்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

காலையில் ஐயரைப் பார்த்து, நான்காவது குறிப்பு பொய் என்று சொன்னேன். எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்றார். எழுதிக் கொடுத்தேன். வேதபாடத்தை வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள் என்றும் சொன்னேன். அவர் அதற்கு வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

மதியம் செல்லக்கனி வீடு. அவளிடமும் சொன்னேன். பரவாயில்லை டீச்சர் என்பாள், மன்னித்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நாக்கால் துளையைத் தடவிக் கோக்கிறாள்.

"எனக்குக் கோவம் வந்துச்சு டீச்சர். ரெண்டு நாள் சாப்பிடல. நான் சொல்லாததைச் சொன்னேன்னு எழுதுன ஆளு நாசமாப் போகணும்னு நெனச்சேன். யாருன்னு தெரிஞ்சப்பறமும் நெனச்சேன்."

"நினைக்கலாம்."

"ஒண்ணு சொல்லட்டா? கோயில்ல நீங்க பாடம் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்தாமையா இருக்கும். எழுத்தைக் கண்ணால பாத்து, அவ்வளவு தெளிவா. எனக்கு மட்டும் கண்ணு இருந்தா இவளவிட நல்லா வாசிப்பேன்னு சொல்லிக்கிடுவேன். எனக்கு வாசிக்கவே வராது. கண்ணு இருந்தப்பவே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணாச்சி ஊர்ல இல்ல. சாயங்காலம் யாரு வாசிப்பா?"

வாசித்தேன். யோசித்துப் பார்த்தால், நேற்றுவரை நான் வாசித்ததெல்லாம் மற்றவர்கள் கேட்பதற்காக. இன்று ஒரு வரியில் தடுமாறினேன். யாரும் திருத்தவில்லை. கேள்வி வந்தபோது எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

22 ஆகஸ்ட், வியாழன்

பாடத்தை சுகந்தி நடத்தினாள். இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

23 ஆகஸ்ட், வெள்ளி

போன் இல்லை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

நாலு மணிக்கு அத்தான் வந்தார். முகச் சவரம் செய்திருந்தார். புதுச் சட்டை, அவள் வாங்கிக் கொடுத்திருப்பாள். அது என்னை உறுத்தியது, உறுத்துகிறது என்று தெரிந்துகொண்டே காப்பி போட்டேன்.

குடித்து முடித்தார். பிறகு அவராகவே சொன்னார். பியூலாவுக்குத் தலை நரைத்துவிட்டதாம். ஆல்வினுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறதாம். இவர் போன அன்று கதவைத் திறந்தவள், உள்ளே வா என்று சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டாளாம். இவர் சொல்லச் சொல்ல நின்றபடியே கேட்டாளாம். இரண்டு நாள் இவரோடும் பேசவில்லையாம். சோறு மட்டும் வைத்தாளாம்.

"என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

"இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா. பஸ் எடுக்கப் போகும்போது ஜன்னல் பக்கம் வந்து கேட்டா. இதை நீயா கண்டுபிடிச்சியா, இல்ல மதினி சொன்னாளான்னு."

"என்ன சொன்னீங்க?"

"அவளாத்தான் சொன்னான்னு சொன்னேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பஸ் நகர்ந்துட்டு. கூடவே நடந்து வந்தா. 'அப்ப வரச் சொல்லு'ன்னா."